லிஸ்பன் அரண்மனையில் புனித அருளானந்தர்

தை மாதம் முடியும் வேளையில் உடப்புசல்லாவை மலைகளில் பனி இறங்கும். காலைப் பெரட்டுக்குப் போகிறவர்கள் கம்பளியைத் தலைக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு, எதிரே வருகிறவர் யாரென்று தெரியாத மூடுபனியில் நடப்பார்கள். அந்த நாட்களில்தான், பெப்ரவரி 4ஆம் திகதி, புனித அருளானந்தரின் திருநாள் வருகிறது. எமது தோட்டங்களின் செக்ரோலைப் புரட்டினால் அருளானந்தம், அருளப்பன், பிரிட்டோ என்ற பெயர்கள் கண்ணில் படும். இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், முதியவர்களில் பலர் இராமநாதபுரம் பக்கம், தொண்டிப் பக்கம் என்று கை காட்டுவார்கள். அவர்களுடைய பாட்டன்மார் கோப்பித் தோட்டக் காலத்தில் சேது நாட்டுக் கரையில் தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை கால்நடையாய் வந்தவர்கள். பெட்டி படுக்கை அதிகமில்லை. பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரைக் கொண்டுவந்தார்கள்.

ஓரியூரில் தலை கொடுத்த புனிதரை நாம் அறிவோம். அங்கு போய்வந்தவர்கள் ஒரு பிடி செம்மணலைத் துணியில் முடிந்துகொண்டு வருவதும் உண்டு. ஆனால் அந்தச் செம்மணலில் விழுந்தவர் ஐரோப்பாவின் ஒரு தலைநகரில், அரசனுடைய மாளிகையில் வளர்ந்தவர் என்பதையும், நாற்பது வயதில் அதே மாளிகைக்குத் திரும்பிப் போனார் என்பதையும், போனவரை அங்கேயே நிறுத்திவைக்க ஓர் அரசனே முயன்றான் என்பதையும் அதிகம் பேசுவதில்லை. திருநாள் மறையுரைகளும் ஓரியூரிலேயே தொடங்கி ஓரியூரிலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே இம்முறை அரண்மனை வழியாக அவரிடம் போவோம்.

போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பன், தேஜோ ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குச் சமீபமாக இருக்கிறது. இன்று அங்கே போகிறவர் ஆற்றங்கரையில் ஒரு பெரிய சதுக்கத்தைக் காண்பார். மூன்று பக்கமும் மஞ்சள் வர்ணக் கட்டடங்கள். நான்காவது பக்கம் தண்ணீர். வணிகச் சதுக்கம் என்பது அதன் அரசாங்கப் பெயர். ஊரார் அதை இன்றும் அரண்மனை முற்றம் என்றே சொல்கிறார்கள். அங்குள்ள நிலத்தடி ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். முற்றம் இருக்கிறது, அரண்மனைதான் இல்லை. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர் திருநாளன்று, மக்கள் கோயில்களில் பூசை கண்டுகொண்டிருந்த காலை வேளையில் நிலம் அதிர்ந்தது. அதன் பின்னால் கடல் பொங்கி ஆற்றின் வழியே நகருக்குள் ஏறியது. அதற்கும் பின்னால் தீ மூண்டு நாட்கணக்கில் எரிந்தது. எழுபதினாயிரம் நூல்கள் இருந்த அரச நூலகம் உட்பட, அரண்மனை முழுவதும் போயிற்று.

அது நின்ற காலத்தில் அதற்கு ரிபெய்ரா அரண்மனை என்று பெயர். ரிபெய்ரா என்றால் ஆற்றங்கரை. வஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல் வழி கண்டு திரும்பியபின், மானுவேல் மன்னன் குன்றின் மேலிருந்த பழைய கோட்டையை விட்டுக் கப்பல்கள் வந்து நிற்கும் கரைக்கே தன் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டான். அரண்மனையை ஒட்டியே இந்திய வாணிபத்தைக் கவனிக்கும் அலுவலகமும் பண்டகசாலையும் கட்டப்பட்டன. மிளகும் கிராம்பும் அங்கே வந்து இறங்கின. இலங்கையின் கறுவாவும் அங்கேதான் போயிற்று. நம் நாட்டுக் காட்டில் உரித்த பட்டை அந்த மன்னர்களின் வாசலில் நிறுக்கப்பட்ட காலம் அது. கோட்டை இராச்சியத்தின் ஏழாம் புவனேகபாகு மன்னன், தன் பேரன் தர்மபாலனின் பொற்சிலையைத் தூதர் கையில் போர்த்துக்கல் அரசவைக்கு அனுப்பி, 1543இல் மூன்றாம் ஜோன் மன்னன் கையால் அதற்கு முடிசூட்டுவித்ததும் நாம் படித்த சரித்திரமே.

இந்த நகரத்தில்தான் 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி ஜோன் த பிரிட்டோ பிறந்தார். தந்தை சால்வதோர் த பிரிட்டோ பெரெய்ரா. தாய் பிரித்தெஸ் பெரெய்ரா. பிரபுக்கள் வீடு. தந்தை பிரேசில் நாட்டில் ரியோ த ஜனெய்ரோவின் ஆளுநராக அனுப்பப்பட்டு, அங்கேயே 1651இல் இறந்தார். அப்பொழுது கடைசி மகனான ஜோனுக்கு நான்கு வயது. அப்பாவின் முகம் அவருக்கு எவ்வளவு நினைவிருந்ததோ! பிள்ளைகளை வளர்த்த முழுப் பொறுப்பும் கைம்பெண்ணான தாயின் தலைமேல் விழுந்தது. இந்த அம்மையாரை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம்; இவ்வரலாற்றில் அவர் மீண்டும் மீண்டும் வருவார்.

ஒன்பதாவது வயதில் ஜோன் அரண்மனைக்குள் போனார். நான்காம் ஜோன் மன்னனின் இளைய மகன் பேதுரு, நம் ஜோனை விட ஒரு வயது இளையவர். போர்த்துக்கேயர் வாயில் அப்பெயர் பேத்ரோ என்று வரும். அந்த இளவரசரோடு உண்டு, படித்து, விளையாடி, உடனிருந்து பணிசெய்யப் பிரபு குலத்துச் சிறுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவராக ஜோன் சேர்ந்தார். பிற்காலத்தில் பெரும்பதவிகளுக்குப் போகும் பாதை அது. தந்தையை இழந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய இடம் அந்நாட்டில் கிடைத்திருக்காது.

அவர் ஒன்பது வயதை எட்டிய 1656ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஜனவரியில் மதுரை மறைப்பணித்தளத்தைத் தொடங்கிய தத்துவ போதகர், அதாவது ரொபேட் தெ நொபிலி சுவாமி, மயிலாப்பூரில் கண்மூடினார். மே மாதத்தில் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. நவம்பரில் நான்காம் ஜோன் மன்னன் இறந்தான். இரண்டு வருடத்தில் மன்னாரும் யாழ்ப்பாணமும் பறிபோயின. இலங்கைக் கத்தோலிக்கருக்கு ஆலயங்கள் மூடப்பட்டு, குருக்கள் இல்லாத இருண்ட காலம் தொடங்கியது. கறுவா லிஸ்பனுக்குப் பதிலாக அம்ஸ்டர்டாமுக்குப் போகத் தொடங்கியது. கீழ்த்திசையிலிருந்து தோல்விச் செய்திகளே கப்பலேறி வந்த காலத்தில்தான் அந்தச் சிறுவன் அரண்மனையின் நடைகளில் வளர்ந்தான்.

பதினோராவது வயதில் கடும் நோய் கண்டது. வைத்தியர்கள் கைவிட்டார்கள். தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருடகாலம் இயேசு சபையாரின் அங்கியை உடுத்தி வைப்பேன் என்பது நேர்ச்சை. வேளாங்கண்ணிக்கும் மடுவுக்கும் பிள்ளைக்காக நேர்ந்துகொள்ளும் நம் தாய்மாருக்கு இது புதிதல்ல. பிள்ளை பிழைத்தது. பட்டும் பொற்சரிகையும் மின்னும் அரசவையில் ஒரே ஒரு சிறுவன் மட்டும் கறுப்பு அங்கியோடு ஒரு வருடம் நடமாடினான். வருடம் முடிந்ததும் அங்கியைக் கழற்றினார்கள். ஆனால் நேர்ச்சைக்காரர் மகனைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1662ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி, பதினைந்து வயதில், ஜோன் லிஸ்பன் நகரிலிருந்த இயேசு சபை நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார். அரண்மனையை விட்டு அவர் வெளியேறியது இது முதல் முறை. அந்த மடம் இருந்த இடத்தில் இன்று இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலை இருக்கிறது.

அவர் மடத்தில் படித்துக்கொண்டிருந்த வருடங்களில் அரண்மனையில் நடந்தது நல்ல கதையல்ல. மூத்தவன் ஆறாம் அல்போன்சு அரசனாயிருந்தான். உடல் நலமும் மன நலமும் குன்றியவன். தம்பி பேதுரு 1667இல் அவனிடமிருந்து ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டார். அண்ணனின் திருமணம் செல்லாது என்று தீர்க்கப்பட்டபின் அவனுடைய மனைவியையே தாம் மணந்தார். அல்போன்சு முதலில் ஒரு தீவிலும் பிறகு சிந்திரா நகரத்து அரண்மனையிலும் அடைபட்டிருந்து 1683இல் இறந்தான். அதன்பின்பே பேதுரு முறைப்படி அரசரானார். புனிதரின் இளமைத் தோழர் என்பதற்காக இதை மறைத்து எழுதுவோர் உண்டு. மறைக்கத் தேவையில்லை. அரண்மனை என்றால் என்னவென்று ஜோனுக்கு உள்ளிருந்தே தெரியும் என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும்.

மதுரையிலிருந்து பல்தசார் த கோஸ்தா என்ற குரு லிஸ்பனுக்கு வந்தார். அவர் சாதாரண குருவல்லர். தத்துவ போதகர் பிராமண சந்நியாசி போல் வாழ்ந்தமையால் எளிய மக்களோடு கலந்து பழக இயலாதிருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கப் பண்டார சுவாமியாகக் கோலம் பூண்டு, தாழ்த்தப்பட்டவர் குடிசை வரை போனவர் கோஸ்தா சுவாமி. அவர் துணைக்கு ஆள் கேட்டு வந்திருந்தார். ஜோன் முன்வந்தார். 1673இல் குருப்பட்டம் பெற்ற உடனேயே கப்பலேறுவது என்று தீர்மானமாயிற்று.

தாய் இதற்கு இணங்கவில்லை. இயேசு சபையின் பெரியவர்களிடம் முறையிட்டார். பாப்பரசரின் தூதுவர் வரை போய், மகனைத் தடுக்கும்படி மன்றாடினார். அவரைக் குறை சொல்ல முடியுமா? கணவன் கடல் கடந்து போய்த் திரும்பி வரவில்லை. அன்றைய இந்தியக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஆறு மாதம் ஓடும். நோயில் செத்தவர்களை வழியெல்லாம் கடலில் இறக்கிக்கொண்டே போகும். கோஸ்தா சுவாமியே அந்தப் பயணத்தில் இறந்தார். பிரிவு என்பது என்ன என்று நம் மலையகக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தலைமன்னார்க் கப்பலுக்குப் பெட்டி கட்டியவர்களில் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவர் இக்கரையிலும் ஒருவர் அக்கரையிலுமாக நின்றார்கள். அந்த ரயில் நிலையங்களில் அழுத தாய்மார் பிரித்தெஸ் அம்மையாரை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. நம்மவர்களை அரசாங்கங்கள் அனுப்பின. அவருடைய மகனை அனுப்பியவர் எவருமில்லை, அவராகவே போனார்.

அவ்வருடம் செப்டெம்பரில் கோவா. மறு வருடம் மேற்குக் கரையிலுள்ள அம்பழக்காடு. அங்கிருந்து மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்து தமிழ் நாடு. ஜோன் என்ற பெயர் அருளானந்தர் ஆயிற்று. யோவான் என்பதைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் அருளப்பர் என்றே சொல்வது வழக்கம். அதன் வழி வந்த பெயர் இது. காவி உடை, காதில் வளையம், கையில் கோல், ஒரு வேளைச் சோறும் கீரையும், படுக்க வெறுந்தரை. மாமிசமும் மதுவும் அறவே இல்லை. இந்தக் கோலத்தில் பன்னிரண்டு வருடம் நடந்தார். நாடெங்கும் போர். ஏகோஜி தஞ்சையைப் பிடித்தார். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். படைகளும் பஞ்சமும் வெள்ளமும் கொள்ளை நோயும் மாறி மாறி வந்த ஊர்களில் உபதேசியார்களோடு சுற்றி, இரவில் பூசை வைத்து, விடியுமுன் அடுத்த ஊருக்கு நகர்ந்தார். 1685இல் மதுரைத் தளத்தின் தலைவரானார்.

மறுவருடம் மே மாதத்தில் மறவர் நாட்டுக்குள் நுழைந்தார். பல வருடங்களாகக் குருவானவர் நிலையாக இருக்க முடியாதிருந்த நாடு அது. இரண்டே மாதத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஜூலையில் படைத்தலைவன் குமாரப் பிள்ளை அவரையும் உபதேசியார்களையும் மங்கலம் என்ற ஊரில் பிடித்தான். நீரில் அமிழ்த்தினார்கள், உச்சி வெயிலில் சுட்ட கரடுமுரடான பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். அவரோடு அடிபட்டவர்கள் எல்லோரும் தமிழர்கள். அவர்களுக்குப் பின்னால் எந்த அரசனும் எந்த அரண்மனையும் கிடையாது. அவர்களில் ஒருவரும் விலகிப் போகவில்லை என்பதைத் திருநாள் மறையுரைகளில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம். மரணத் தீர்ப்பு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்த நிலையில் இராமநாதபுரத்திலிருந்த கிழவன் சேதுபதி அவரை நேரில் அழைத்து, அவர் போதித்தவற்றைச் சொல்லக் கேட்டு, இனி என் நாட்டில் போதிக்கலாகாது என்று எச்சரித்து விடுதலை செய்தார்.

உயிர் தப்பிய இந்த மனிதரைத்தான் சபைத் தலைவர்கள் மதுரைத் தளத்தின் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1686 டிசெம்பரில் கோவாவிலிருந்து கப்பல் ஏறினார். 1687 செப்டெம்பர் 8ஆம் திகதி, மாதாவின் பிறந்த திருநாளன்று, தேஜோ ஆற்றில் நங்கூரம் போட்டார்கள். (அதே 1687ஆம் ஆண்டில் கோவாவைச் சேர்ந்த இன்னொரு குரு கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். அவர்தான் பின்னர் மலைநாட்டுக் கண்டியையும் தம் பாதங்களால் அளந்த புனித யோசேவ் வாஸ்.)

லிஸ்பன் அப்பொழுது திருமணக் களையோடு இருந்தது. முதல் மனைவியை இழந்த பேதுரு மன்னர், மரியா சோபியா என்ற ஜெர்மானிய இளவரசியை ஒரு மாதத்துக்கு முன்னர்தான் அழைத்து வந்து மணமுடித்திருந்தார். ஆற்றங்கரை அரண்மனையும், அதற்கு அடுத்திருந்த கோர்த்தே ரியால் மாளிகையும் புது மணப்பெண்ணுக்காகப் புதுப்பொலிவு பெற்றிருந்த வேளை. அந்த வாசலில் கறுத்து மெலிந்து, நாற்பது வயதிலேயே கிழடு தட்டிய ஒரு துறவி வந்து நின்றார். கூடப் படித்து விளையாடிய தோழர் வந்திருக்கிறார் என்று அறிந்த மன்னர் அவரை அன்போடு வரவேற்றார். அரசவையில் இருந்தவர்கள் மறவர் நாட்டைப் பற்றிக் கேட்டார்கள். பாறையும் வெயிலும் சங்கிலியும் அங்கே கதையாயின.

அருளானந்தர் அந்நாட்களில் எப்படி வாழ்ந்தார் என்பது முக்கியமானது. பதினான்கு வருடம் பட்டினி கிடந்தவர் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறார். கொஞ்சம் நல்ல சாப்பாடு சாப்பிட்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் அவர் மாமிசத்தையும் மதுவையும் தொடவில்லை. கட்டிலை விட்டுத் தரையில் படுத்தார். மதுரையில் மக்களுக்காக ஏற்றுக்கொண்ட நோன்பை, அந்த மக்கள் பார்க்க முடியாத இடத்திலும் அவர் கைவிடவில்லை. தமிழ் நாட்டில் அவர் பூண்டது வெறும் வேடம் என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் லிஸ்பனில் அவர் இருந்த வருடங்களை ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

கோயிம்பிரா, ஏவோரா ஆகிய ஊர்களில் இருந்த சபைக் கல்லூரிகளுக்குப் போய் மதுரைக்கு ஆள் கேட்டார். ஒரு காலத்தில் தாம் கோஸ்தா சுவாமியின் முன் மாணவனாக உட்கார்ந்திருந்தது போல, இப்பொழுது இளைஞர்கள் அவர் முன் உட்கார்ந்தார்கள்.

பேதுரு மன்னரின் மனதில் வேறொன்று இருந்தது. தோழரைத் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும். புது அரசியின் முதல் குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்துவிட்டது. 1689 ஒக்டோபரில் மீண்டும் ஓர் ஆண் குழந்தை பிறந்து நிலைத்தது. அந்த இளவரசனை வளர்த்துப் படிப்பிக்கும் பொறுப்பை அருளானந்தரிடம் ஒப்படைக்க மன்னர் விரும்பினார். எவ்வளவு நியாயமான ஆசை! மேலும் அந்த அரசவைக்கு நல்லவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பழையது. 1540இல் சவேரியாரும் சைமன் ரொட்ரிகேசும் இந்தியாவுக்குப் போக லிஸ்பன் வந்தபோது, மூன்றாம் ஜோன் மன்னன் இருவரையும் விட மனமில்லாமல் கடைசியில் ரொட்ரிகேசை வைத்துக்கொண்டு சவேரியாரை மட்டும் அனுப்பினான். மதுரையில் பத்துப் பேருக்குச் செய்வதை லிஸ்பனில் ஓர் அரசனை உருவாக்கினால் பத்தாயிரம் பேருக்குச் செய்யலாமே என்று எவரும் வாதிக்கலாம். கீழ்நாடுகளுக்கு அனுப்பும் பணமும் கப்பலும் அந்த அரசன் கையில்தானே இருந்தன? கிராங்கனூர் அதிமேற்றிராசனப் பதவியும் அவருக்குச் சொல்லப்பட்டது. அதுவும் இந்தியாவில்தான். மறுப்பதற்கு வெளிப்படையான காரணம் எதுவுமில்லை.

இரண்டையும் அவர் மறுத்தார். தாயும் அதே நகரத்தில் முதுமையில் இருந்தார். பாறையில் கிடத்தி மிதித்தவர்களை எதிர்த்து நிற்பதை விட, அன்பினால் கையைப் பிடித்துக்கொள்கிறவர்களிடமிருந்து கையை விடுவித்துக்கொள்வது கடினமான காரியம் என்று இதை எழுதுகிறவனுக்குத் தோன்றுகிறது. மங்கலத்தில் அவருக்குத் தப்பிக்க வழியில்லை. லிஸ்பனில் போவதற்கும் இருப்பதற்கும் இரண்டுக்கும் வழி திறந்திருந்தது. போதிக்கக்கூடாது என்று சேதுபதி விதித்த தடை நீங்கவில்லை என்பதும், திரும்பிப் போனால் மறுமுறை மன்னிப்புக் கிடைக்காது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். 1690இல் புதிய துணைவர்களோடு கப்பல் ஏறினார். அரண்மனை வாசலை அவர் தாண்டியது அதுவே கடைசி.

அவ்வருட நவம்பரில் கோவா. பின்னர் மீண்டும் மறவர் நாட்டின் எல்லைக் காடுகள். அங்கே கோயில் கட்ட இயலாது, ஓலைக் கொட்டகைகள்தான். ஆயிரக்கணக்கானோர் தேடி வந்தார்கள். அவர்களுள் ஒருவர் தடியத்தேவர், சேதுபதி அரியணைக்கு உரிமை பாராட்டக்கூடிய குடும்பத்தவர். நோயில் கிடந்த அவர், ஓர் உபதேசியார் வந்து நற்செய்தி வாசித்துச் செபித்தபின் குணமடைந்தார். 1693ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு முன் ஒரே மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பராமரிப்புக் கொடுக்க அவர் முன்வந்தார். ஆனால் இளையவளான கடலாயி சேதுபதிக்கு மருமகள் முறை. அவள் அவரிடம் போய் அழுதாள். அவளுடைய துக்கமும் உண்மையான துக்கமே. அதைக் கேலி செய்து எழுதுவது சரியல்ல. சேதுபதியையும் வெறும் கொடியவராகக் காட்டுவது நியாயமன்று. குடும்பத்தின் மானக்கேடு ஒரு புறம். போட்டியாளராகக் கூடியவர் தனக்கென்று ஒரு கூட்டம் சேர்க்கிறாரோ என்ற அரசியல் அச்சம் மறுபுறம். ஆறரை வருடத்துக்கு முன் இதே அரசர்தான் இதே கைதிக்கு உயிர்ப்பிச்சை அளித்தார்.

ஜனவரி 8ஆம் திகதி பிடிபட்டார். இராமநாதபுரத்தில் சில வாரம் சிறை. தலைநகரில் வைத்துக் கொன்றால் தடியத்தேவர் பக்கத்தார் கிளம்பக்கூடும் என்று, வடக்கே பாம்பாற்றங்கரையில் இருந்த ஓரியூருக்கு, சேதுபதியின் தம்பியின் ஆளுகைக்குள், அனுப்பினார்கள். பெப்ரவரி 3ஆம் திகதி, கரியை நீரில் கரைத்து, ஒரு துரும்பைப் பேனாவாக்கி, தம் சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் புதன்கிழமை, அவ்வருடத்துத் திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிய அன்று, ஆற்றோரத்து மேட்டில் தலை வெட்டப்பட்டது. கை கால்களையும் வெட்டி, உடலை ஒரு மரத்தில் கட்டிவிட்டார்கள். நாற்பத்தாறு வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. 1853இல் ஒன்பதாம் பத்திநாதரும் 1947 ஜூன் 22ஆம் திகதி பன்னிரண்டாம் பத்திநாதரும் அவரைப் பீடத்துக்கு உயர்த்தியது பிற்காலச் செய்தி.

செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆயின. வழக்கமான கப்பலில், வழக்கமான ஆற்றங்கரையில், வழக்கமான மூட்டைகளோடு அது வந்து இறங்கியது. அண்ணன் பெர்னாவோ பின்னர் முதுமையில் தம்பியின் வரலாற்றை நூலாக எழுதினார். 1722இல் அது அச்சாயிற்று. பேதுரு மன்னர் தம் இளமைத் தோழருக்காகத் துக்கச் சடங்கு நடத்தவில்லை. நன்றித் திருவழிபாடு நடத்த ஆணையிட்டார். அரசவை முழுவதும் கூடியது. ஒரு காலத்தில் மகனைப் போகவிடாதபடி தூதுவரின் வாசல்வரை நடந்த பிரித்தெஸ் அம்மையாரும் வந்தார். கைம்பெண்ணின் கறுப்புடையை அன்று அவர் உடுத்தவில்லை. திருநாள் உடையில் வந்து மன்னருக்கு முன் நின்றார்.